'உலைக்குள் நீர்மட்டம் குறைந்தது': புகுஷிமாவில் இருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன அர்த்தம்?

ஜப்பானின் புகுஷிமா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தால், சில நாள் கழித்து இரண்டு வரியில் ஒரு செய்தி வர வாய்ப்பு உண்டு. 'விபத்துக்குள்ளான அணுஉலையில் நீர்மட்டம் குறைந்தது.' டிவியில் கீழே ஓடும், போய்விடும். பார்ப்பவர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். மறுபடியும் உருகுதா? கடலுக்குப் போயிடுச்சா?

2021 பிப்ரவரியில் அப்படித்தான் நடந்தது. 13-ம் தேதி இரவு 11 மணிக்கு மேல், புகுஷிமா கடற்பகுதியில் 7.3 அளவில் நிலநடுக்கம். ஆறு நாள் கழித்து, 19-ம் தேதி, உலைகளுக்குச் சொந்தமான டெப்கோ நிறுவனம் அறிவித்தது: 1-ம் உலையிலும் 3-ம் உலையிலும் நீர்மட்டம் 30 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறது. 2-ம் உலையில்? சொல்ல முடியவில்லை. உருகிய எரிபொருளை வெளியே எடுக்கும் வேலைக்காக, அங்கிருந்த அளவுக்கருவிகளை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள்.

மூன்று உலைகளில் ஒன்றுக்குக் கணக்கே இல்லை. மற்ற இரண்டுக்கும் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது? மனிதர் யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடம் அது. அங்கே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம்? இதற்குப் பதில் தெரிய 2011-ம் ஆண்டின் ஒரு ராத்திரிக்குப் போக வேண்டும்.

இரவு 9.19 மணி, கார் பேட்டரி, ஒரு எண்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. 9.0 அளவிலான நிலநடுக்கம். புகுஷிமா டாய்ச்சியில் ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3-ம் உலைகள் தானாகவே நின்றன. அதுவரை எல்லாம் சரி. முக்கால் மணி நேரம் கழித்து சுனாமி வந்தது. கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. 1, 2-ம் உலைகளில் அவசர பேட்டரிகளும் போயின. கட்டுப்பாட்டு அறை இருட்டானது.

அணுஉலையை நிறுத்தினாலும் எரிபொருள் உடனே ஆறிவிடாது. உள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். எரிபொருளுக்கு மேலே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை. தண்ணீர் ஆவியாகி மட்டம் கீழே இறங்கினால் எரிபொருள் வெளியே தெரியும், சூடேறும், உருகும். அதனால் அந்த ராத்திரி ஆபரேட்டர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல். தண்ணீர் எங்கே நிற்கிறது?

மீட்டர் இருந்தது, கரண்ட் இல்லை. வாகனங்களில் இருந்து பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்து, இருட்டில் வயரோடு வயர் சேர்த்தார்கள். இரவு 9.19-க்கு 1-ம் உலையின் நீர்மட்ட மீட்டர் உயிர் பெற்றது. எரிபொருளின் உச்சிக்கு மேலே 200 மி.மீ. அதாவது எரிபொருள் தண்ணீருக்குள் பத்திரமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே மீட்டர் 550 மி.மீ. என்று காட்டியது.

அந்த எண் பொய். பிறகு டெப்கோ செய்த ஆய்வின்படி, நிலநடுக்கம் வந்து மூன்று மணி நேரத்திலேயே எரிபொருள் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. மீட்டர் '200' காட்டிய நேரத்தில் எரிபொருள் சேதமாகத் தொடங்கி மணிக்கணக்கில் ஆகியிருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு, 11.50 மணிவாக்கில் இன்னொரு மீட்டர், உலையைச் சுற்றியுள்ள வெளிக்கலனின் அழுத்தம், டிசைன் அளவைத் தாண்டிப் போயிருப்பதைக் காட்டிய பிறகுதான் 1-ம் உலையின் நிலைமை எவ்வளவு மோசம் என்பது உறைத்தது. மறுநாள் பிற்பகல் 3.36-க்கு 1-ம் உலைக் கட்டடம் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறியதை உலகமே டிவியில் பார்த்தது.

மீட்டர் ஏன் பொய் சொன்னது?

மீட்டர் ரிப்பேர் ஆகவில்லை. அது எப்படி வேலை செய்யும்படி செய்யப்பட்டதோ, அப்படியேதான் வேலை செய்தது. இதுதான் இந்தக் கதையில் ஜீரணிக்கக் கஷ்டமான இடம்.

மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் எடைக்கல், இன்னொன்றில் சாமான். உலையின் நீர்மட்ட மீட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு குழாயில் எப்போதும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பியிருக்கும். அது எடைக்கல். இன்னொரு குழாய் உலையின் தண்ணீரோடு சேர்ந்திருக்கும். அது சாமான். இரண்டு பக்கமும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதை வைத்து மீட்டர் மட்டத்தைச் சொல்லும். வித்தியாசம் குறைவென்றால் உலையில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

வெளிக்கலன் முழுக்கச் சூடேறியபோது, எடைக்கல்லாக இருந்த குழாயின் தண்ணீரே ஆவியாகிப் போனது. எடைக்கல் தேய்ந்தால் தராசு என்ன செய்யும்? சாமான் குறைவாக இருந்தாலும் தட்டு சமமாக நிற்கும். உலை காலியாகிக்கொண்டிருந்தது, மீட்டர் 'நிறைய இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்த நேரத்தில் அந்த எண் உயிர்போகும் அவசரமோ, சரியாக அந்த நேரத்தில் தவறாகக் காட்டும்படி அதன் அமைப்பு இருந்தது.

இது தெரியவந்தது எப்போது? இரண்டு மாதம் கழித்து. 2011 மே மாதம் தொழிலாளர்கள் 1-ம் உலைக் கட்டடத்துக்குள் போய் அந்த மீட்டரைச் சரிபார்த்தார்கள். உண்மையான மட்டம், எரிபொருளின் உச்சியில் இருந்து 5 மீட்டருக்கும் கீழே. எரிபொருளின் மொத்த உயரமே சுமார் 4 மீட்டர்தான். அதாவது எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் துளி தண்ணீர் இல்லை. மே 12-ம் தேதி 1-ம் உலையில் எரிபொருள் உருகியதை டெப்கோ ஒப்புக்கொண்டது. 2, 3-ம் உலைகளைப் பற்றி அதே மாதம் 24-ம் தேதி.

இரண்டு மாதத் தாமதத்துக்கு மீட்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. விபத்து நேரத்தில் 'உலை மையம் உருகியது' என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சொல்லியிருந்தது 2016-ல் விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. டெப்கோ மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்காவையும் குழப்பிய குளம்

தண்ணீர் எவ்வளவு என்று தெரியாததால் வந்த குழப்பம் 1-ம் உலையோடு நிற்கவில்லை. 4-ம் உலை அப்போது ஓடவே இல்லை, பராமரிப்பில் இருந்தது. அதன் எரிபொருள் கட்டுகள் எல்லாம் மேல் மாடியில் ஒரு குளத்தில் வைக்கப்பட்டிருந்தன. மொத்தம் 1,535. மார்ச் 15-ம் தேதி காலையில் அந்தக் கட்டடமும் வெடித்தது. ஓடாத உலை ஏன் வெடிக்கிறது? குளம் வற்றிவிட்டதோ?

மார்ச் 16-ம் தேதி அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் கிரிகோரி யாஸ்கோ, குளத்தில் தண்ணீரே இல்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 50 மைல், அதாவது 80 கி.மீ. சுற்றளவைவிட்டு வெளியேறும்படி அமெரிக்கர்களுக்கு அறிவுரை போனது. ஜப்பான் அரசு தன் மக்களை வெளியேற்றியது 20 கி.மீ.க்குள்தான்.

கடைசியில் குளத்தில் தண்ணீர் இருந்தது. எரிபொருள் மூழ்கியேதான் இருந்தது. வெடிப்புக்குக் காரணம், பக்கத்து 3-ம் உலையில் இருந்து குழாய் வழியாக வந்த ஹைட்ரஜன். நம்பத்தகுந்த ஒரு நீர்மட்ட மீட்டர் இருந்திருந்தால் இத்தனை பதற்றமும் இல்லை. 2012 மார்ச்சில் அமெரிக்க ஆணையம் தன் நாட்டு அணுமின் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் போட்ட உத்தரவுகளில் ஒன்று, இந்த மாதிரிக் குளங்களில் விபத்தைத் தாங்கும் நீர்மட்டக் கருவி வேண்டும் என்பது.

அமெரிக்காவுக்கு இது புதுப் பாடமும் இல்லை. 1979 மார்ச் 28-ம் தேதி பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலேண்டில், உலைக்குள் எவ்வளவு தண்ணீர் என்று நேரடியாகக் காட்டும் கருவியே இல்லை. பக்கத்துத் தொட்டி ஒன்றின் மட்டம் உயரமாகத் தெரிந்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, அவசர நீரை ஆபரேட்டர்களே குறைத்தார்கள். உலை மையத்தில் பாதி உருகியது.

ஊற்ற ஊற்ற நிரம்பாத பாத்திரம்

மறுபடி புகுஷிமா. உலை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாத்திரம். உள்ளே எரிபொருள் இருக்கும் தடித்த எஃகுக் கலன். அதைச் சுற்றி பல்பு மாதிரி வடிவத்தில் வெளிக்கலன். வெளிக்கலனுக்குக் கீழே, அதோடு குழாய்களால் இணைந்து, மெதுவடை வடிவத்தில் ஒரு பெரிய நீர்த்தொட்டி. உருகிய எரிபொருள் உள்கலனைத் துளைத்துக்கொண்டு வெளிக்கலனின் தரைக்கு வந்துவிட்டது. அதனால் இப்போது 'உலைக்குள் நீர்மட்டம்' என்று செய்தியில் வந்தால் அது பெரும்பாலும் இந்த வெளிக்கலனைப் பற்றியது.

2011 ஏப்ரலில் டெப்கோவின் திட்டம் ரொம்ப எளிமையாக இருந்தது. வெளிக்கலனை எரிபொருள் உயரம் வரை தண்ணீரால் நிரப்பிவிடுவது. ஜப்பானில் இதற்கு 'தண்ணீர்ச் சவப்பெட்டி' என்றே பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான டன் ஊற்றினார்கள். மே 14-ம் தேதி பார்த்தால், 1-ம் உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுமார் 4 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. ஊற்றியது எல்லாம் கீழே ஒழுகிப் போயிருந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

அன்று முதல் புகுஷிமாவில் நடப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலைதான். ஓட்டைக் குடத்தில் மட்டம் எங்கே நிற்கும்? ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில். அதனால் இந்த எண்ணுக்கு இரண்டாவதாக ஒரு அர்த்தமும் வந்துவிட்டது. எரிபொருள் நனைந்திருக்கிறதா என்பதோடு, கலன் எங்கே உடைந்திருக்கிறது என்பதையும் அது சொல்கிறது.

2-ம் உலையில் 2012 ஜனவரியில் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். ஆமாம், வயிற்றுக்குள் விடுகிற கேமரா மாதிரியேதான். நீர்ப்பரப்பு கண்ணில் படவே இல்லை. எதிர்பார்த்த உயரத்தில் தண்ணீர் இல்லை. மார்ச் மாதம் இன்னும் ஆழத்துக்கு விட்டபோது தெரிந்தது, தரையில் இருந்து வெறும் 60 செ.மீ. கணுக்கால் இல்லை, முழங்காலுக்குச் சற்று மேலே. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் உலைகள் கட்டுக்குள் வந்துவிட்டதாக ஜப்பான் அரசு அறிவித்திருந்தது. அதே சோதனையில் பதிவான கதிர்வீச்சு மணிக்கு 73 சீவர்ட் வரை. அங்கே ஒருவர் சில நிமிடம் நின்றாலே உயிர் பிழைப்பது கடினம். தண்ணீர் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசமும்கூட. தண்ணீர் குறைவான இடத்தில் கவசமும் குறைவு.

2012 அக்டோபரில் 1-ம் உலையில் பார்த்தபோது சுமார் 2.8 மீட்டர். 2015 அக்டோபரில் 3-ம் உலையில் சுமார் 6.5 மீட்டர். ஒரே விபத்து, ஏறக்குறைய ஒரே மாதிரி வடிவமைப்பு, ஆனால் மூன்று உலைகளில் மூன்று மட்டம். காரணம் ஓட்டைகள்தான். 3-ம் உலையில் மேலே, நீராவிக் குழாய் வெளியேறும் இடத்தில் கசிவு இருப்பது 2014-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே ஓட்டை, அதனால் மட்டமும் மேலே. 2-ம் உலையில் சேதம் கீழே, வடை வடிவத் தொட்டிப் பக்கம். அதனால் மேலே தண்ணீர் தங்கவில்லை.

ரோபோக்களின் வடிவத்தைக்கூட இந்த மட்டம்தான் தீர்மானித்தது. 2017 பிப்ரவரியில் 2-ம் உலைக்குள் போனது தேள் மாதிரி வாலைத் தூக்கும் ஊர்ந்து செல்லும் ரோபோ. அது பாதி வழியில் மாட்டிக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில் 3-ம் உலைக்குள் போனது நீந்தும் ரோபோ. 30 செ.மீ. நீளம், மீனின் பெயரில் ஒரு செல்லப் பெயர். உருகி உறைந்த எரிபொருள் என்று கருதப்படும் பொருளை அதுதான் அங்கே முதலில் படம் பிடித்தது.

இப்போது எப்படி அளக்கிறார்கள்?

பழைய மீட்டரை நம்பவில்லை. வெளிக்கலனுக்குள் குழாய்த் துளை வழியாக, வெவ்வேறு உயரத்தில் தெர்மாமீட்டர்களையும் தண்ணீர் பட்டால் சிக்னல் கொடுக்கும் சென்சார்களையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் தெர்மாமீட்டரும் காற்றில் இருக்கும் தெர்மாமீட்டரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மேலே இருந்து எத்தனையாவது சென்சார் வரை காய்ந்துவிட்டது என்று பார்த்து மட்டத்தைக் கணக்கிடுவார்கள். ஹைட்ரஜன் மீண்டும் வெடிக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் செலுத்துகிறார்கள். வாயுவின் அழுத்தமும் ஒரு துப்பு. ஒரு கருவி பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு சரி, பராமரிப்பு எப்படி? 2021 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு விஷயம் வெளியே வந்தது. 3-ம் உலைக் கட்டடத்தில் இருந்த இரண்டு நிலநடுக்கமானிகள் 2020-லேயே பழுதாகியும், சரிசெய்யாமல் கிடந்திருக்கின்றன. பத்து வருஷம் முன்பு ஒரு மீட்டரால் இவ்வளவு பட்ட இடத்தில் இது நடந்தது என்பதை எந்தச் சமாதானமும் சரிக்கட்டாது.

சரி, குறைந்தால் ஆபத்தா?

2011-ல் குறைந்ததும் 2021-ல் குறைந்ததும் ஒன்றல்ல. விபத்து நேரத்தில் எரிபொருளின் வெப்பம் பயங்கரமாக இருந்தது. பத்து வருஷத்தில் அது பல மடங்கு அடங்கிவிட்டது. 2019 மே மாதம் 2-ம் உலைக்குத் தண்ணீர் ஊற்றுவதையே கிட்டத்தட்ட 8 மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். வெப்பநிலை பெரிதாக ஏறவில்லை. அதனால் 30 செ.மீ. இறங்கியது என்றால் உடனே உருகப் போகிறது என்று அர்த்தம் இல்லை. நிலநடுக்கம் பழைய ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கலாம், அல்லது புதிதாக ஒன்றைப் போட்டிருக்கலாம் என்று அர்த்தம். பார்க்க வேண்டியது அடுத்த வரியைத்தான். வெப்பநிலை ஏறுகிறதா, தண்ணீர் தொடர்ந்து போகிறதா, வெளியே கதிர்வீச்சு அளவு மாறியதா? 2021-ல் வெளியே மாற்றம் இல்லை என்று டெப்கோ சொன்னது. ஒழுகிய தண்ணீர் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போகிறது.

அந்த அடித்தளத்தில் இன்னொரு நீர்மட்டம் இருக்கிறது, செய்தியில் அதிகம் வராதது. அங்கே தேங்கும் அசுத்தத் தண்ணீரின் மட்டம் எப்போதும் வெளியே உள்ள நிலத்தடி நீரைவிடக் கீழேயே இருக்க வேண்டும். அப்போதுதான் வெளித்தண்ணீர் உள்ளே வரும், உள்ளே இருப்பது வெளியே போகாது. அதற்கு விலை, தினமும் உள்ளே வரும் நிலத்தடி நீரும் அசுத்தமாகிறது. 2014-ல் நாளுக்கு 500 டன்னுக்கு மேல் இப்படிச் சேர்ந்தது. உறைந்த மண் சுவர், பம்புகள் எல்லாம் வைத்து 2023 நிதியாண்டில் சுமார் 80 டன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆயிரம் தொட்டிகளும், 2023 ஆகஸ்ட் 24-ல் தொடங்கிய, உலகமே சண்டை போட்ட கடலில் நீர் திறப்பும் இந்தக் கணக்கில் இருந்து வந்தவைதான்.

இன்னொரு திருப்பம். 1, 3-ம் உலைகளில் நீர்மட்டத்தை இப்போது அவர்களே குறைக்கிறார்கள். வடை வடிவத் தொட்டி முழுக்கத் தண்ணீரோடு இருந்தால் கனம் அதிகம், அடுத்த நிலநடுக்கத்தில் அது தாங்குமா என்பது கேள்வி. அதனால் 3-ம் உலையில் உள்ளிருந்து நீரை இறைக்கிறார்கள். 1-ம் உலையில் ஊற்றும் அளவைக் குறைக்கிறார்கள். அதிகம் இருந்தால் நிலநடுக்கத்துக்குப் பயம், குறைவாக இருந்தால் கதிர்வீச்சுத் தூசிக்குப் பயம். 1-ம் உலையில் இந்தக் கவலை கூடுதல். 2023 மார்ச்சில் நீர்மூழ்கி ரோபோ எடுத்த படங்களில், உள்கலனைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் பீடத்தின் உட்புறச் சுவரில் கீழ்ப்பகுதி கான்கிரீட் கரைந்து, கம்பிகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நின்றன. தண்ணீருக்குள் மறைந்திருந்ததால் அதுவரை அந்த அளவுக்குத் தெரியவில்லை.

இந்தியாவில்?

மகாராஷ்டிராவின் தாராப்பூரில் 1969-ல் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு உலைகளும், புகுஷிமா போலவே தண்ணீர் உள்ளேயே கொதித்து நீராவியாகும் வகை. கூடங்குளம் வேறு வகை, ரஷ்ய வடிவமைப்பு. உருகிய எரிபொருள் கீழே வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தனி அமைப்பும் அங்கே உண்டு. ஆனாலும் 2011-ல் இடிந்தகரையில் போராட்டம் பெரிதானதற்குப் புகுஷிமா ஒரு முக்கியக் காரணம். மின்சாரம் முழுக்கப் போனாலும் வெளியில் இருந்து குழாய் மாட்டித் தண்ணீர் செலுத்தும் வசதி, அதன் பிறகு இந்திய அணுமின் நிலையங்களில் சேர்க்கப்பட்டது.

புகுஷிமாவில் மூன்று உலைகளிலும் சேர்த்து உருகிய எரிபொருளும் அதோடு கலந்த கழிவும் சுமார் 880 டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 2024 நவம்பரில் முதல்முறையாக 2-ம் உலையில் இருந்து ஒரு துணுக்கை வெளியே எடுத்தார்கள். அதன் எடை சுமார் 0.7 கிராம். 3-ம் உலையில் பெரிய அளவில் எடுக்கும் வேலை 2037-க்கு முன் தொடங்காது என்று டெப்கோ 2025 ஜூலையில் சொன்னது. அதுவரை தண்ணீர் ஊற்றுவதும், எவ்வளவு நிற்கிறது என்று அளப்பதும் தினசரி வேலையாகவே தொடரும்.